திரையில்லாத டிராயிங் டேப்லெட்: முதல் இரண்டு வாரங்களில் கையைப் பழக்குவதற்கு முழுமையான வழிகாட்டி

விலை குறைந்த டிராயிங் டேப்லெட் பெரும்பாலும் திரையில்லாத கருப்புப் பலகைதான். கை பலகையில் ஓடும், கோடு மானிட்டரில் விழும். வாங்கிய அன்றே ஒரு முகம் வரைய உட்கார்ந்து, கோணல்மாணலாக வந்த கோட்டைப் பார்த்து, "எனக்கு இது வராது" என்று பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். அந்தக் கோணலில் பாதி கையின் பிழை, மீதி செட்டிங்ஸின் பிழை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எதைத் திருத்துவது என்றே தெரியாது. அதனால் கருவியை முதலில் ஒழுங்குசெய்து, சோதித்து, அதற்குப் பிறகுதான் கையைப் பழக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

டேப்லெட், பேனா, மாற்று நிப்புகள், நிப்பைப் பிடுங்கும் சிறு வளையம். இந்த வளையம் பல மாடல்களில் பேனா ஸ்டாண்டுக்குள்ளேயே இருக்கும். ஸ்டாண்டைத் திருகித் திறந்து பாருங்கள்.

யுஎஸ்பி கேபிள் பெட்டியோடு வந்ததாக இருக்கட்டும். வீட்டில் கிடக்கும் சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா கடத்தாது. டேப்லெட்டில் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் அது தெரியாது. யுஎஸ்பி ஹப் வழியாகவும் வேண்டாம், நேராகக் கணினியில் செருகுங்கள்.

வரைவதற்கு ஒரே ஒரு மென்பொருள் போதும். கிரிட்டா இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இந்த வழிகாட்டியில் வரும் விசைகள் கிரிட்டாவுக்கானவை. முதல் மாதத்தில் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருந்தால், கை பழகவேண்டிய நேரமெல்லாம் மெனு தேடுவதில் போய்விடும்.

பேனாவுக்கு சார்ஜ் தேவையா என்றும் பாருங்கள். இப்போது வரும் பெரும்பாலான பேனாக்களில் பேட்டரி கிடையாது, பலகையிலிருந்து வரும் மின்காந்த அலையிலேயே இயங்கிவிடும். பேனாவில் சார்ஜ் துளை இருந்தால் முதலில் முழுதாக ஏற்றிவிடுங்கள்.

பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது 4096 ஆக இருந்தாலும் உங்கள் கைக்கு வித்தியாசம் தெரியாது. அந்த எண்ணை மறந்துவிடலாம்.

2. டிரைவரை நிறுவுதல்

டிரைவர் என்பது டேப்லெட்டைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள். அது இல்லாமலே டேப்லெட்டைச் செருகியதும் கர்சர் நகரும். இங்கேதான் பலரும் ஏமாறுவது. நகர்வதைப் பார்த்து எல்லாம் சரி என்று வரையத் தொடங்குவார்கள், அழுத்தம் மட்டும் வேலை செய்யாது. கோடு முழுக்க ஒரே தடிமனில் வரும்.

வரிசை இது: வேறு எந்த டேப்லெட்டின் டிரைவராவது கணினியில் இருந்தால் அதை நீக்குங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான புதிய டிரைவரை இறக்கி நிறுவுங்கள். அதற்குப் பிறகு டேப்லெட்டைச் செருகுங்கள். இன்னொரு முறை மறுதொடக்கம். இரண்டு டிரைவர்கள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றின் கோப்புகளை இன்னொன்று பிடித்துக்கொண்டு, அழுத்தம் வருவதும் போவதுமாக இருக்கும்.

மேக் கணினியில் நிறுவினால் மட்டும் போதாது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், ஆக்சசிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கர்சரே நகராது, அல்லது நகரும் ஆனால் கோடு விழாது. லினக்ஸில் வேகாம் நிறுவனத்தின் கருவிகளுக்குக் கெர்னலிலேயே ஆதரவு உண்டு. மற்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் லினக்ஸ் டிரைவர் இல்லையென்றால் ஓப்பன்டேப்லெட்டிரைவர் என்ற திறமூல மென்பொருளைப் பாருங்கள்.

இப்போது முதல் சோதனை. டிரைவரின் செட்டிங்ஸ் சன்னலில் அழுத்தத்தைச் சோதிக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் கிறுக்குங்கள். மெதுவாக அழுத்தினால் மெலிந்தும் பலமாக அழுத்தினால் தடித்தும் வந்தால் டிரைவர் சரி. இந்தச் சோதனையைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். பின்னால் எந்தச் சிக்கல் வந்தாலும் இங்கே திரும்பி வந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்: இந்தக் கட்டத்தில் அழுத்தம் வேலை செய்து கிரிட்டாவில் வேலை செய்யவில்லை என்றால் குற்றம் மென்பொருளின் அமைப்பில். இங்கேயே இல்லையென்றால் டிரைவரிலோ பேனாவிலோ.

3. விண்டோஸ் குறுக்கிடாமல் செய்தல்

விண்டோஸ் பயன்படுத்தாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பேனாவை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சின்ன வட்டம் ஒன்று தோன்றி, வலது கிளிக் விழும். கோட்டைத் தொடங்கும்போதெல்லாம் நொடிநேரம் தயங்குவதற்குக் காரணம் இதுதான். கன்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' திறந்து, 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்பதன் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது விண்டோஸ் இங்க், வின்டேப் என்ற இரண்டு வழிகள். பேனாவின் அழுத்தம் மென்பொருளுக்குப் போவது இவற்றில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான். டிரைவர் ஒரு வழியிலும் மென்பொருள் இன்னொரு வழியிலும் இருந்தால் அழுத்தம் வழியிலேயே தொலைந்துபோகும். கிரிட்டாவின் அமைப்புகளில் டேப்லெட் பகுதியில் இரண்டையும் காணலாம். வின்டேப்பைத் தேர்ந்து சோதியுங்கள், சரிவரவில்லையென்றால் மற்றதை. ஒவ்வொரு முறை மாற்றியதும் கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் எடுபடாது. போட்டோஷாப் வழக்கமாக விண்டோஸ் இங்கை எதிர்பார்க்கும். அதனால் அதில் வேலை செய்யப்போகிறவர்கள் டிரைவரில் விண்டோஸ் இங்க் இயங்கும்படி வைத்திருங்கள்.

4. பலகையையும் திரையையும் பொருத்துதல்

அதிகம் பேர் தவறவிடும் படி இதுதான். தவறவிட்டதும் தெரியாது.

முதலில், டிரைவரில் மவுஸ் மோட், பென் மோட் என்று இரண்டு இருந்தால் பென் மோடில் வையுங்கள். பென் மோடில் பலகையின் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஒரு நிலையான புள்ளி உண்டு. இடது மேல் மூலையில் பேனாவை வைத்தால் கர்சர் எப்போதும் திரையின் இடது மேல் மூலையில்தான் நிற்கும். கை மனப்பாடம் செய்யவேண்டியது இந்த நிலையான பொருத்தத்தைத்தான். மவுஸ் மோடில் அப்படி எதுவும் இல்லை, பேனாவை எடுத்து வைக்குமிடமெல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இரண்டு மானிட்டர் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் பொருத்துங்கள். இரண்டுக்கும் சேர்த்து வைத்தால் பலகையின் அகலம் இரண்டாகப் பங்கு போய், எல்லா உருவமும் பக்கவாட்டில் இழுபடும்.

இனி விகிதம். மானிட்டர் பெரும்பாலும் 16:9. பலகையின் வரையும் பரப்பு பெரும்பாலும் 16:10, சிலவற்றில் 3:2. முழுப் பலகையை முழுத் திரைக்குப் பொருத்தினால் கை வட்டமாகச் சுற்றியது திரையில் படுத்த நீள்வட்டமாக வரும். முகங்களெல்லாம் அகன்று போவதற்குக் காரணம் தேடி உடற்கூறு படிப்பவர்கள் உண்டு! டிரைவரில் வேலைப்பரப்புப் பகுதியில் திரையின் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் கணக்குப் போட்டு எண்ணை நிரப்புங்கள்: அகலத்தை 16ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் உயரம். 160 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் உள்ள பலகையில் உயரத்தை 90 ஆக்க வேண்டும். கீழே 10 மி.மீ. வீணாகும், போகட்டும்.

சோதனை: வட்டமான பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் பலகையில் வைத்து, பேனாவை நிமிர்த்திப் பிடித்து அதைச் சுற்றி வரையுங்கள். நாணயம் வேண்டாம், உலோகம் பேனாவின் சிக்னலைக் குழப்பும். திரையில் வந்த உருவத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பொருத்தம் சரி.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 செ.மீ. பலகையின் அகலம் 16 செ.மீ. அதாவது கை 1 மி.மீ. நகர்ந்தால் கர்சர் 3.3 மி.மீ. நகர்கிறது. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் இங்கே மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். உங்கள் கை திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை.

பொருத்தத்தை ஒருமுறை அமைத்தபின் மாற்றவே கூடாது. மாற்றினால் அதுவரை கை கற்றதெல்லாம் வீண்.

5. உட்காரும் முறை

டேப்லெட் மானிட்டருக்கு நேர் முன்னால், அதன் நடுவும் மானிட்டரின் நடுவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கீபோர்டு பேனா பிடிக்காத கையின் பக்கம். கீபோர்டை நடுவில் வைத்து டேப்லெட்டை ஓரமாகத் தள்ளும் பழக்கம் மவுஸிலிருந்து வந்தது. அது இங்கே ஆகாது, கை ஒருபக்கமும் கண் ஒருபக்கமுமாகிக் கோடுகள் எல்லாம் சாயும்.

சரியாக வைத்திருக்கிறீர்களா என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுங்கள். கண்ணைத் திறந்தால் கோடு ஒரு பக்கம் ஏறியிருக்கும். நான்கைந்து முறை இழுத்தும் அதே பக்கம் ஏறினால், கோடு கிடையாக வரும்வரை பலகையைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். உங்கள் முழங்கையின் இயல்பான வீச்சுக்கு ஏற்ற கோணம் அது. மேசையில் சின்ன டேப் துண்டுகளை ஒட்டி அந்த இடத்தைக் குறித்துவிட்டால் நாளைக்கும் அதே கோணத்தில் வைக்கலாம்.

இடக்கை பழக்கமுள்ளவர்கள் டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பி, டிரைவரில் 180 டிகிரி சுழற்சியைத் தேர்ந்தெடுங்கள். பட்டன்கள் வலப்பக்கம் போய்விடும், உள்ளங்கை அவற்றில் படாது.

6. அழுத்தத்தைச் சீர்செய்தல்

காகிதத்தில் பென்சிலால் எழுதும் அழுத்தத்தோடு ஒரு கோடு இழுங்கள். திரையில் நடுத்தரத் தடிமன் வர வேண்டும். மெலிந்து வந்தால் டிரைவரின் அழுத்த வளைவை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள், சட்டென்று முழுத் தடிமன் வந்துவிட்டால் கடினப் பக்கம்.

சந்தேகம் வந்தால் மென்மைப் பக்கமே நல்லது. கடினமாக இருந்தால் தெரியாமலே அமுக்கி வரைவீர்கள். இரண்டே நாளில் மணிக்கட்டு வலிக்கும், நிப்பும் சீக்கிரம் தேயும்.

கிரிட்டாவிலும் தனியாக ஒரு அழுத்த வளைவு உண்டு. அதைத் தொடாதீர்கள். இரண்டு இடங்களிலும் மாற்றினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எதனால் என்று பிரித்தறிய முடியாது.

7. பட்டன்கள்

பேனாவில் இரண்டு பட்டன் இருக்கும். முதல் வாரம் இரண்டையும் செயலிழக்கச் செய்துவிடுங்கள். பேனாவைப் பிடிக்கப் பழகாத விரல் அவற்றைத் தெரியாமல் அழுத்திக்கொண்டே இருக்கும், நடுவில் மெனு திறக்கும், கோடு அறுபடும். பிடி பழகியபின் கீழ் பட்டனுக்கு வலது கிளிக் கொடுக்கலாம். கிரிட்டாவில் அது பிரஷ்களும் நிறச்சக்கரமும் உள்ள வட்டத்தைத் திறக்கும்.

பலகையில் பட்டன்கள் இருந்தால் நான்கு வேலைகள் போதும்: அண்டூ (கடைசியாகச் செய்ததை ரத்துசெய்வது), பிரஷ்ஷைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது, அழிப்பான். பட்டன் இல்லாத மாடலா? கீபோர்டிலேயே அண்டூவுக்குக் கன்ட்ரோலும் இசட்டும், பெரிதாக்க ] விசை, சிறிதாக்க [ விசை, அழிப்பானுக்கு ஈ (E) விசை. இவற்றோடு ஸ்பேஸ் பாரை அழுத்தியபடி கேன்வாஸை (மென்பொருளில் வரையும் பரப்பை) நகர்த்துவதையும் சேர்த்துக்கொண்டால் மற்ற கை நிரம்பிவிடும்.

8. முதல் மூன்று நாள்: வரையாதீர்கள்

மவுஸைக் கழற்றி வையுங்கள். கோப்புகளைத் திறப்பது, இணையம் பார்ப்பது, படங்களை நகர்த்துவது எல்லாம் பேனாவாலேயே. கண் திரையில், கை பலகையில் என்ற பிரிவு மூளைக்குள் இறங்க இதைவிட எளிய வழி இல்லை. படம் நன்றாக வரவேண்டுமே என்ற பதற்றமும் இதில் கிடையாது.

கவனிக்க வேண்டியது பேனாவின் உயரம். நிப் பலகையிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ.க்குள் இருக்கும்வரை, தொடாமலே கர்சர் நகரும். போகவேண்டிய இடத்துக்குக் காற்றில் நகர்த்தி, அங்கே போனதும் தொட வேண்டும். புதியவர்கள் தொட்டபடியே இழுத்துப் போவார்கள், வழியில் உள்ளதெல்லாம் தேர்வாகிவிடும்.

டபுள் கிளிக் முதலில் படுத்தும். இரண்டு தட்டலுக்கும் நடுவில் பேனா ஒரு மயிரிழை நகர்ந்தாலே அது இழுப்பாகிவிடுகிறது. டிரைவரில் டபுள் கிளிக் தூரத்தைக் கூட்ட வசதி இருந்தால் கூட்டுங்கள்.

பலகையைக் குனிந்து பார்க்கும் ஆசை வரும். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அங்கே எதுவும் இல்லை.

9. நான்காம் நாள் முதல்: பயிற்சிகள்

கேன்வாஸ் 3000 × 2000 பிக்சல். முழுக் கேன்வாஸும் திரையில் தெரியட்டும். ஓரம் கூர்மையான வட்டப் பிரஷ், அளவு 10 பிக்சல், அழுத்தத்துக்கு ஏற்பத் தடிமன் மாறுவதாக. கோட்டைத் தானாக வழவழப்பாக்கும் ஸ்மூதிங் வசதியை முழுக்க அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கையின் பிழை மறைந்துபோகும், கை எதையும் கற்காது. தினமும் 20, 25 நிமிடம் போதும். ஒரே நாளில் இரண்டு மணிநேரம் உட்கார்வதைவிட இது பலன் தரும்.

முதலில் புள்ளிகள். கேன்வாஸ் முழுக்கச் சிதறலாக 20 சின்ன வட்டங்கள் போடுங்கள். பேனாவைப் பலகையிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரே தொடலில் புள்ளி வைக்கப் பாருங்கள். முதல் நாள் பாதிக்குமேல் தவறும். தவறிய புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் தள்ளி விழுகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் பலகை நகர்ந்திருக்கிறது, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால் அது கைதான், நாட்கள் சரிசெய்யும்.

அடுத்து கோடுகள். இரண்டு புள்ளி வைத்து, தொடாமல் இரண்டு மூன்று முறை காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் சேருங்கள். கண் கர்சரைப் பின்தொடரக் கூடாது, போய்ச்சேர வேண்டிய புள்ளியில் நிற்க வேண்டும். மெதுவாக இழுத்தால் நடுங்கும். சற்று வேகமாக, மணிக்கட்டைப் பூட்டி, முழங்கையிலிருந்து இழுங்கள். கிடை, செங்குத்து, இரண்டு சாய்வுகள், ஒவ்வொன்றிலும் 15 கோடு. ஒரு திசை மற்றவற்றைவிட மோசமாக வரும், அதற்கு மட்டும் இன்னொரு 15.

கோடு ஓரளவு புள்ளியில் போய் நின்றபின் வட்டங்கள். சதுரங்கள் போட்டு, நான்கு பக்கமும் தொடும்படி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வட்டம். பேனாவை எடுக்காமல் இரண்டு சுற்று சுற்றலாம். சதுரம் எதற்கு என்றால், வெறும் வட்டத்தில் எங்கே தவறியது என்று தெரியாது, சதுரத்துக்குள் போட்டால் எந்தப் பக்கம் எட்டவில்லை என்பது பளிச்சென்று தெரியும்.

அழுத்தம் கடைசியில்தான். கை எங்கே போகிறது என்பதே பிடிபடாத நேரத்தில் எவ்வளவு அமுக்குவது என்பதையும் சேர்த்துக் கவனிக்க முடியாது. மெலிந்து தொடங்கி நடுவில் தடித்து மெலிந்து முடியும் கோடுகள் 20. பிறகு, தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே தடிமனில் போகும் கோடுகள் 20. இரண்டாவதுதான் கடினம்.

இந்தப் பயிற்சிகளில் அண்டூ கிடையாது. தவறு கண்ணெதிரே கிடந்தால்தான் அடுத்த கோடு அதைப் பார்த்துத் திருந்தும்.

10. முதல் படம்

ஒரு வாரப் பயிற்சிக்குப் பிறகு, காகிதத்தில் நீங்கள் ஏற்கெனவே வரைந்த படம் ஒன்றைப் போட்டோ எடுத்துக் கிரிட்டாவில் திறங்கள். அந்தப் படம் இருக்கும் லேயரின் (அடுக்கின்) ஒளிபுகாத் தன்மையை 30 சதவீதமாகக் குறைத்து, மேலே புதிய லேயர் போட்டு, கோடுகளை மறுபடி இழுங்கள். என்ன வரைவது, விகிதம் சரியா என்ற கவலைகள் காகிதத்திலேயே முடிந்துவிட்டன. கோடு மட்டும்தான் இங்கே வேலை. இப்படி மூன்று நான்கு படம் முடித்தபின் நேராகப் பலகையில் தொடங்கலாம்.

ஸ்மூதிங்கை இப்போது போட்டுக்கொள்ளலாம், குறைந்த அளவில். அதிகமாக வைத்தால் கோடு கைக்குப் பின்னால் இழுபட்டு வரும், வளைவுகளின் முனை மழுங்கும்.

பலகையைத் திருப்பாமல் கேன்வாஸைத் திருப்புங்கள். கிரிட்டாவில் 4 ஒரு பக்கமும் 6 மறுபக்கமும் திருப்பும், 5 நேராக்கும். எம் (M) விசை படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றிக் காட்டும். சாய்ந்த முகம், ஏறிய கண் எல்லாம் அப்போது மாட்டும்.

ஜூம் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். 400 சதவீதத்தில் வைத்து ஒரு கண் இமையை அரைமணி நேரம் தேய்த்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், அந்தக் கண் முகத்திலேயே இருக்காது.

11. நடுவில் வரும் கோளாறுகள்

அழுத்தம் திடீரென்று போய்விட்டால் இரண்டாம் படியில் சொன்ன சோதனைக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். கணினி தூக்கநிலையிலிருந்து எழுந்தபின் இப்படி ஆனால், கேபிளைக் கழற்றிச் செருகி மென்பொருளை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆனால் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுங்கள்.

கோடு கைக்குப் பின்தங்கி வருகிறதா? பிரஷ்ஷும் கேன்வாஸும் மிகப் பெரிதாக இருக்கலாம், ஸ்மூதிங்கும் காரணமாகலாம். சின்னக் கேன்வாஸில் 10 பிக்சல் பிரஷ்ஷால் இழுத்துப் பாருங்கள். அங்கே பின்தங்கவில்லை என்றால் டேப்லெட்டில் குற்றமில்லை.

பேனாவை அசையாமல் பிடித்தும் கர்சர் துடித்தால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மின்தரை (எர்த்) சரியில்லாத சார்ஜர் இப்படிச் செய்யும். பக்கத்தில் இருக்கும் போன், ஸ்பீக்கர் போன்றவற்றையும் தள்ளி வையுங்கள். மெதுவாக இழுக்கும் சாய்கோடுகளில் மட்டும் அலை அலையாக வருகிறது என்றால், விலை குறைந்த பல பலகைகளின் இயல்பு அது. வேகமாக இழுங்கள், அல்லது ஸ்மூதிங்கைச் சற்றுக் கூட்டுங்கள்.

தொடாமலே கோடு விழுந்தால் நிப் உள்ளே சிக்கியிருக்கிறது. வெளியே இழுத்துத் துடைத்து மறுபடி செருகுங்கள்.

12. நிப்பும் பலகையின் மேற்பரப்பும்

சொரசொரப்பான பலகை கைக்கு இதமாக இருக்கும், ஆனால் நிப்பைத் தின்னும். நிப்பின் ஒருபக்கம் சரிந்து, விளிம்பில் கூர்மை தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். அந்தக் கூர்மை பலகையைக் கீறும், நிப் மலிவு, பலகை அப்படியல்ல. புதிய நிப்பை நேராக, அடிவரை போய் நிற்கும்படி தள்ளுங்கள். பாதியில் நின்றால் அழுத்தம் தாறுமாறாக வரும்.

பலகை அதிகம் வழுக்கினால் அதன்மேல் ஒரு சாதாரண வெள்ளைத் தாளை ஓரங்களில் டேப்பால் ஒட்டி வரையலாம். தாளின் தடிமனைத் தாண்டி சிக்னல் போகும். நிப் மட்டும் இன்னும் வேகமாகத் தேயும்.

பேனாவை எப்போதும் ஸ்டாண்டில் வையுங்கள். நிப் ஏதாவது ஒன்றில் அழுந்தியபடியே பைக்குள் நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே அழுத்தத்தை உணரும் பாகம் கெட்டுப்போகும், அதற்குத் தனியாக உதிரிப்பாகம் கிடைக்காது.